இன்னும் அறுபத்திரண்டுதானா

பெட்டி தொலைந்தால் வைத்திருப்பவர்தான் பொறுப்பு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நகராட்சியின் சுற்றறிக்கையில் அப்படி ஒரு வரி கிடையாது. பெட்டியோடு வந்த புத்தகத்திலும் கிடையாது. அதைச் சொன்னவள் பொட்டியக்கா. சொன்னதோடு விட்டாளா? ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டு, கீழே கையெழுத்தும் வாங்கி வைத்தாள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. கால்வாய்க் கரைத் தெருக்களில் பெட்டி மாட்டப் போன முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் காணாமல் போய்விட்டது. "பொட்டியக்கா வந்துட்டாங்க" என்று பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும். அவள் வேலை பார்த்த நகராட்சி ஆபீசிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

பெட்டி ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. இரண்டு சோப்புக் கட்டியை அடுக்கிவைத்த அளவு. அடிப்பக்கம் ஒரு கண், பக்கவாட்டில் ஒரு பச்சை விளக்கு, உள்ளே வருஷக்கணக்கில் ஓடும் பாட்டரி. கால்வாயின் மேல் போகும் நடைபாலத்தின் அடியில் திருகி மாட்டிவிட்டால், கண்ணுக்கும் தண்ணீருக்கும் எத்தனை சென்டிமீட்டர் தூரம் என்று அளந்து ஆபீசுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். தூரம் குறைந்தால் தண்ணீர் ஏறுகிறது என்று அர்த்தம். எண்பதுக்குக் கீழே போனால் சிவப்புக் கோடு. அந்தத் தெருவில் பதிந்திருக்கும் அத்தனை போனும் ஒரே நேரத்தில் அலறும்.

இதை ஆபீஸ் தானே மாட்டித் தானே பார்த்துக்கொள்வதாக இருந்தால் வம்பே இல்லை. ஆனால் மக்கள் பங்கேற்பு என்று ஒரு சொல் மேலிடத்திலிருந்து வந்துவிட்டது. தெருவுக்கு ஒரு வீட்டார் பெட்டியைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணில் ஒட்டடை கட்டாமல் துடைக்க வேண்டும், விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும், பார்த்ததும் தங்கள் போனில் 'பார்த்தேன்' என்ற பொத்தானை அமுக்க வேண்டும். எத்தனை பேர் அமுக்கினார்கள் என்று கணக்கெடுப்பதற்காகவே ஒரு பிரிவு அதிகாரி இருந்தார். அவர் காலையில் ஆபீசுக்குள் நுழையும்போது வணக்கத்துக்குப் பதிலாக "எத்தனை சதவீதம்?" என்று கேட்பார். அதனால் அவருக்குச் சதவீதம் சார் என்றே பெயர்.

முதல் சுற்றில் பன்னிரண்டு பெட்டி மாட்டினார்கள். இரண்டே மாதத்தில் ஐந்து போயின. ஒன்றில் துணிக்கொடி கட்டியிருந்தார்கள். ஒன்றுக்குப் பாலத்துச் சுவரோடு சேர்த்து நீலப் பெயின்ட் அடித்துவிட்டார்கள், கண் உட்பட. ஒன்றைப் பிள்ளைகள் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் திறந்தார்கள், மூடத் தெரியவில்லை. மற்ற இரண்டும் எங்கே போயின என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. சதவீதம் சார் அவளை நிற்கவைத்து ஒரு மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றைக்குச் சாயங்காலம்தான் அவள் அந்த நோட்டை வாங்கினாள்.

"உடைஞ்சாலோ தொலைஞ்சாலோ நீங்கதான் பொறுப்பு. ஆபீஸ்ல விசாரணை வரும்." இரண்டாம் சுற்றில் எல்லா வீட்டிலும் இதே பாட்டுதான். நோட்டிலும் அதையே எழுதியிருந்தாள். மந்திரம் போட்டது போல வேலை செய்தது. ஒரு பெட்டிகூடத் தொலையவில்லை. ஜனங்களும் அதை அப்படியொன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை. ஆபீஸ்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும், எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

பன்னிரண்டு பேரில் ஒருவர்தான் அதை உட்கார்ந்து படித்தார்.

அவர் வீடு கால்வாய் வளைவில், பள்ளத்தில் இருந்த கடைசித் தெருவில் இருந்தது, பின்கதவைத் திறந்தால் நடைபாலம். அங்கே நான்கு வீட்டில் கேட்டு நான்கிலும் கையை விரித்தபிறகு ஐந்தாவதாக அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். தெருவே அவரைக் கண்டக்டர் என்றது. அவர் வேலையாகக் கடைசியாகப் பஸ்ஸில் ஏறிப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. இப்போது வேலை ஒரு கிடங்கில், அட்டைப்பெட்டிகளுக்கு நாடா ஒட்டுவது. ஆனால் பெயர் மட்டும் இறங்கவில்லை.

பெட்டியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார். "மிஷின் மட்டும் வேணாம் தங்கச்சி. வேற எதுனா வேலை சொல்லு, செய்றேன்."

அவளுக்கு இடுப்பு ஒடிந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு தெரு பாக்கி. அண்ணே அண்ணே என்று குழைந்தாள். இந்தத் தெருதான் இருப்பதிலேயே பள்ளம், இங்கே பெட்டி இல்லாவிட்டால் மற்றப் பதினொன்றும் இருந்து என்ன பிரயோஜனம் என்றாள். அது உண்மையும்கூட. உங்களை மாதிரி ஒருவரை விட்டால் நான் யாரிடம் போவேன் என்றாள். அது உண்மையில்லை, எல்லா வீட்டிலும் சொல்வதுதான். அவர் அதை நம்பினார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நோட்டை வாங்கி, உதடு அசைய ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"விசாரணைன்னு போட்டிருக்கே. எவ்வளவு நாள் நடக்கும்?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்குண்ணே" என்று அவள் சிரித்துவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு பஸ்ஸைப் பற்றியும் ஒரு கூட்டத்தைப் பற்றியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் பையை மூடிக்கொண்டே தலையை ஆட்டினாள். ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை. அவர் பாதியில் நிறுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டார். முழுப் பெயரையும் எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

அப்புறம் அவர் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அது பெரிய கதை. காலை எட்டு மணிக்கு 'பார்த்தேன்' வந்துவிடும். எட்டு ஒன்றுக்கு வந்ததில்லை. மூக்குக்கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால்தான் பெட்டியின் கண்ணைத் துடைப்பார். திருகாணி தளர்ந்தால் உடனே முடுக்கவேண்டுமென்று பின்கதவு ஆணியில் ஒரு திருப்புளியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டார். சிலந்தி வந்தால் போன், புறா உட்கார்ந்தால் போன். தெருவில் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் ஏறி இறங்கி எல்லோருடைய போனையும் பதியவைத்தார். போன் இல்லாத கிழவர்களுக்கு என்ன செய்வது என்று அவரே யோசித்து, வீட்டுத் தகர டிரங்கிலிருந்து பழைய பஸ் விசிலைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சதவீதம் சாரின் திரையில் அந்தத் தெரு எப்போதும் உச்சியில் நின்றது, நூற்றுக்கு நூறு. "இந்த ஆள் மாதிரி பத்துப் பேர் கிடைச்சா நான் நிம்மதியா ரிட்டையர் ஆவேன்" என்பார் அவர்.

பொட்டியக்கா மாதம் ஒருமுறை பார்க்கப் போனால் கண்டக்டரின் மனைவி டீ கொடுப்பாள். பொட்டியக்கா அவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அண்ணி புருஷனை ஓட்டுவதற்கென்றே காத்திருப்பாள். "முப்பது வருஷத்துல என் மூஞ்சிய ஒருநாள் இப்படித் தொடச்சிருப்பாரா கேளும்மா" என்பாள். அவர் காதில் விழாதது போலப் பின்பக்கம் போய் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். சுவரில் அவர்களுடைய கல்யாணப் போட்டோ இருக்கும். அதன் கண்ணாடியில் ஒரு விரல் தூசி. அண்ணி அதையும் காட்டிச் சிரிப்பாள்.

இரண்டாவது வருஷம் மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாம் நாள் காலை மேலே அணையைத் திறந்துவிட்டார்கள். பத்தே முக்காலுக்குக் கண்டக்டரின் பெட்டி எண்பதைத் தாண்டிக் கீழே இறங்கியது. பன்னிரண்டு பெட்டிகளில் அதுதான் முதல். நாற்பத்து மூன்று வீட்டிலும் போன்கள் அலறின. ஆபீசில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பொட்டியக்காவுக்கு, இரண்டு வருஷம் வெயிலில் அலைந்தது வீண் போகவில்லை என்று நெஞ்சு நிறைந்தது. இதை மறைத்துப் பயனில்லை. அந்த நிமிஷம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

தெருவில் நடந்தது பிற்பாடு எல்லோரும் சொல்லித் தெரிந்தது. கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டு வாசல் வாசலாகப் போனார். உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பினார், பீரோவைத் திறக்கப் போனவர்களைக் கையைப் பிடித்து இழுத்தார். நடக்க முடியாத ஒரு முதியவரை நாற்காலியோடு தூக்க ஆள் பிடித்தார். எல்லோரையும் தெருமுனைப் பள்ளிக்கூட மாடியில் ஏற்றி, பஸ்ஸில் ஆள் எண்ணுவதுபோல விரலை நீட்டி எண்ணி, ஒருத்தரும் விட்டுப்போகவில்லை என்று உறுதியானபிறகுதான் சுவரில் சாய்ந்தார். அப்போது மணி பதினொன்றே கால் ஆகவில்லை.

ஆபீசில் திரையில் அவர் பெட்டியின் எண் இருபதில் வந்து நின்றது. பத்தொன்பது ஆகவில்லை, இருபத்தொன்றும் ஆகவில்லை. இருபதுக்குக் கீழே அந்தக் கண்ணுக்குப் பார்வை கிடையாது. தண்ணீர் அவ்வளவு கிட்டே வந்துவிட்டால் அது இருபது இருபது என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் பின்னால் சதவீதம் சார் நின்றுகொண்டு, "ஏன் நின்னுபோச்சு? கெட்டுப்போச்சா? கேளு, கேளு" என்று பறந்தார். அவள் கண்டக்டருக்குப் போன் போட்டாள்.

எல்லாரும் வெளியே வந்தாச்சா என்று கேட்டாள். வந்தாச்சு தங்கச்சி, ஸ்கூல் மாடியில இருக்கோம் என்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. நாற்காலியில் தூக்கி வந்த முதியவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார்.

"அண்ணே, பெட்டி என்னாச்சு? நம்பர் அசையவே மாட்டேங்குதே."

"பாத்துக்கறேன் தங்கச்சி" என்றார்.

அதற்குள் மேசையிலிருந்த இன்னொரு போன் அடித்தது. சரிண்ணே என்று வைத்துவிட்டாள். போகாதீங்க என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவள் வாயில் அது வரவில்லை. அவர் போவார் என்று அவள் நினைக்கவே இல்லை. ஒரு பெட்டிக்காக யார் போவார்கள்?

பதினொன்று முப்பத்தொன்றுக்கு எண் இருபதிலிருந்து நூற்று நாற்பதுக்குத் தாவியது. அப்புறம் முப்பத்தைந்து, இருநூற்றுப் பத்து, மறுபடி நாற்பது. சார் மிஷின் செத்துவிட்டது என்றார். அவளுக்குப் புரிந்தது. பெட்டி நகர்கிறது. யாரோ கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள், கண் சுவரைப் பார்க்கிறது, தரையைப் பார்க்கிறது, கதவைப் பார்க்கிறது. பதினொன்று முப்பத்தெட்டுக்கு எண் அறுபத்திரண்டில் வந்து நின்றது. அவள் கண்டக்டருக்குப் போன் போட்டாள். மணி போகவில்லை.

மறுநாள் அண்ணியைப் பள்ளிக்கூட மாடியில் போய்ப் பார்த்தாள். அண்ணி அழவில்லை. இதோ வந்துடறேன்னு போனார்மா என்று மட்டும் சொன்னாள். பொட்டியக்கா தன் போனைத் திறந்து அந்த எண்ணைக் காட்டினாள். தேற்றுவதற்காகச் சொன்ன பொய் இல்லை அது, அவளே அதை முழுசாக நம்பினாள்.

"பாருங்க அண்ணி, அறுபத்திரண்டு. தண்ணியப் பாத்துக்கிட்டிருந்தா நம்பர் ஏறி இறங்கும். காஞ்ச இடத்துல இருக்கு. பெட்டி தானா ஏறிப் போகுமா? அண்ணன்தான் வெச்சுக்கிட்டு எங்கேயோ ஒரு மாடியில உக்காந்திருக்கார்."

எந்த இடம் என்று காட்டும் வசதி பெட்டியில் இல்லை. ஒரே இடத்தில் மாட்டிவைக்கும் பொருளுக்கு அது எதற்கு என்று யாரோ விட்டுவிட்டார்கள். அதனால் எண் ஒன்றுதான் கதி. அண்ணி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தெரு முழுக்க ஆள் உயரத்துக்குத் தண்ணீர். படகில் போனவர்கள் வீடு வீடாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, யாரும் குரல் கொடுக்கவில்லை என்று திரும்பினார்கள். அண்ணி பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாள். வேறு பேச்சே இல்லை.

"இன்னும் அறுபத்திரண்டுதானா?"

"அறுபத்திரண்டுதான் அண்ணி."

"அப்ப சரி" என்று வைத்துவிடுவாள்.

மூன்று நாள் இந்தப் பேச்சு நடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், இரண்டு மைல் கீழே மதகுக் கம்பியில் அவர் கிடைத்தார். விசில் சட்டைப் பையில் இருந்தது. பொட்டியக்காவுக்குச் செய்தி வந்தபோது எதிரில் திரை இருந்தது. எண் அப்போதும் அறுபத்திரண்டுதான். அதற்கு அவர் உயிரோடு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. இன்னும் அறுபத்திரண்டுதானா என்று அண்ணி கேட்டாள். தேம்பும் சத்தம் கேட்டு அண்ணியே புரிந்துகொண்டாள்.

பொட்டியக்கா அடக்கத்துக்குப் போனாள். கடைசி வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினாள்.

ஆபீசில் கூட்டம் நடந்தது. திட்டம் வெற்றி. பள்ளத்துத் தெருவில் நாற்பத்து மூன்று குடும்பமும் பிழைத்தது, மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. வெள்ளத்தில் போன பெட்டிகள் பதினொன்று. சதவீதம் சார் கம்ப்யூட்டரில் அந்தப் பதினொன்றையும் தேர்ந்தெடுத்து ஒரே அமுக்கில் 'இழப்பு' என்று போட்டார். விசாரணை இல்லை, ஏன் என்று ஒரு கேள்விகூட இல்லை. புதுப் பெட்டிகள் அடுத்த மாதம் வரும். கண்டக்டரை நினைத்து அவருக்கு நிஜமாகவே துக்கம். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், பத்திரமா மேல வந்த மனுஷன். எதுக்குத் திரும்பிப் போனார்? ஒரு பெட்டிக்காகவா? யார் கேட்டாங்க பெட்டியை?" என்று அறையில் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். பொட்டியக்கா மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்களும்தான் கேட்டீர்கள் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நோட்டு அவளுடையது.

பத்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, திரையில் எண் அசைந்தது. அறுபத்திரண்டு நாற்பது ஆயிற்று. அப்புறம் இருபதில் வந்து நின்றது. யாரோ துணியில் சுற்றுகிறார்கள். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். போகவில்லை. பதினோரு மணிக்கு அண்ணி படியேறி வந்தாள்.

மடியில் ஒரு துண்டு மூட்டையை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள். மூட்டையைப் பிரித்தாள். மேலே பிளாஸ்டிக் பை, உள்ளே மூக்குக்கண்ணாடித் துணி, அதற்குள் பெட்டி. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பரண் மேல் இருந்ததாம். ஒரு வாரமாகச் சேறு வாரிவிட்டுக் கடைசியாகப் பரணைப் பார்த்திருக்கிறாள். கண் மேல்பக்கமாக இருக்கும்படி நிமிர்த்தி வைத்திருந்தாராம். பரணுக்கும் கூரைக்கும் நடுவில் அவ்வளவு தூரம். இதைத்தான் மூன்று நாள் இருவரும் அவர் உயிர் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். வைத்துவிட்டு வாசல் வழியாக வெளியே வந்திருக்க வேண்டும். வாசற்கதவு திறந்தே கிடந்தது. அதற்குள் தெருவில் தண்ணீர் இழுக்க ஆரம்பித்திருக்கும்.

"டிவி போச்சு, பீரோ போச்சு. கல்யாணப் போட்டோ சுவரோட ஊறி மூஞ்சியே தெரியல. அதுக்குக் கீழதான் நின்னு பரணுக்குக் கை நீட்டியிருக்கார். இத ஒண்ணத்தான் மேல வெச்சிருக்கார்."

குறை சொல்வதாக அவள் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அந்த நோட்டு இருக்காம்மா? அவர் கையெழுத்த அடிச்சிரணும்" என்றாள்.

அப்போதுதான் அந்தப் பஸ் கதை முழுசாக வெளியே வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பையை மூடிக்கொண்டே தலையாட்டிய அதே கதை. இருபத்தொரு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்கால நெரிசலில் கண்டக்டரின் தோளிலிருந்து டிக்கெட் மிஷினை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விசாரணை ஆறு வருஷம் நடந்தது. ஆறு வருஷமும் மாதம் ஒருமுறை ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். கடைசியில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் கவனக்குறைவு என்று போட்டிருந்தது. வேலை போயிற்று. அந்தச் சொல்லை யாராவது பேச்சுவாக்கில் சொன்னால்கூடச் சாப்பிடாமல் எழுந்துவிடுவாராம். பெட்டிக்குக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு ராத்திரி, இந்தத் தடவை தொலைக்க மாட்டேன் என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறார்.

"இப்ப விசாரணை எதுவும் வராதில்லம்மா?"

அப்படி ஒரு விதியே கிடையாது அண்ணி, நான்தான் இட்டுக்கட்டினேன். வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அண்ணி, "நல்லவேள வெச்சாரு. இல்லன்னா அவர் பேருல மறுபடியும் அந்த வார்த்தை வந்திருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியைத் தடவினாள். பொட்டியக்கா சொல்ல வந்ததை விழுங்கினாள். அது இரக்கம் என்று அவள் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை. கோழைத்தனம்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

நோட்டை எடுத்து அந்தப் பெயரின் மேல் கோடு போட்டாள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததற்கு ஆபீசில் படிவம் எதுவும் கிடையாது, இதுவரை யாரும் திருப்பிக் கொடுத்ததில்லை. வெள்ளைத்தாளில் கையாலேயே எழுதினாள். இன்னார் வசம் இருந்த அளவுப் பெட்டி பழுதின்றித் திரும்பப் பெறப்பட்டது. அண்ணி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கவனமா வெச்சிருந்தார்னு ஒரு வார்த்தை சேத்துக்கலாமா?"

'மிகவும் கவனமாக' என்று சேர்த்து எழுதினாள். சீல் வைத்தாள். அண்ணி அதை மெல்லப் படித்துப் பார்த்து, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எழுந்தவள், நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொண்ணு கேக்கணும்மா. அன்னிக்கு மாடியில அவருக்கு ஒரு போன் வந்துச்சு. பேசிட்டுத்தான் இறங்கினார். யாருன்னேன், வந்து சொல்றேன்னார். அந்தப் போனும் தண்ணியில போச்சு. இங்கதான் எல்லாத்தையும் திரையில பாக்கறீங்களே, அது யாருன்னு பாத்துச் சொல்ல முடியுமா? சண்டைக்கில்ல. கடைசியா அவர்கிட்ட பேசினவங்க அவங்கதான். என்ன பேசினார்னு கேட்டுக்கணும்."

முடியாது என்று சொன்னால் அண்ணி நம்பியிருப்பாள். தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போயிருப்பாள்.

"நான்தான் அண்ணி."

அண்ணி மறுபடி உட்கார்ந்தாள். "நீயாம்மா?" என்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம்கூட வந்தது, தெரிந்த ஆள்தான் என்ற நிம்மதி. "என்ன சொன்னார்?"

"எல்லாரும் மேல வந்தாச்சுன்னார். அப்புறம், பாத்துக்கறேன் தங்கச்சின்னார்."

"எத?"

பொட்டியக்கா மேசைமேல் இருந்த பெட்டியைக் காட்டினாள். "பெட்டி என்னாச்சுன்னு கேட்டேன். அதுக்குச் சொன்னார்."

அண்ணி பெட்டியைப் பார்த்தாள். திட்டுவாள், பெட்டியை எடுத்து வீசுவாள், தாளைக் கிழித்துப் போடுவாள் என்று பொட்டியக்கா காத்திருந்தாள். அதில் ஏதாவது ஒன்று நடந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"அவர் எப்படி இருக்கார்னு கேக்கலையா?"

"இல்ல அண்ணி."

அண்ணி எழுந்தாள். துண்டை உதறி மடித்துக்கொண்டாள். மூக்குக்கண்ணாடித் துணியை மட்டும் மேசையிலிருந்து தனியாக எடுத்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பார்மா. காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல அவர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.